தேர்வுத்தாளில் வென்ற சங்கம்: கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கல் சொசைட்டி, 1812

பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு மாணவர் மன்றம் தொடங்கப் போகிறோம் என்று யாராவது வந்து நின்றால், கூடவே நாலு கேள்வியும் வந்து நிற்கும். எத்தனை பேர் சேருவார்கள், அறை கிடைக்குமா, நிர்வாகம் விடுமா, தலைவர் யார். நாலாம் ஆண்டில் இந்த மன்றம் இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. நாலாம் ஆண்டில் இல்லாமல் போனால் அதைத் தோல்வி என்று எழுதிவிடலாமா என்று யாரும் கேட்பதேயில்லை. அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

1812இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் சேர்ந்து, கணிதத்தில் ஒரு குறியீட்டை மாற்றுவதற்காக, அனலிட்டிக்கல் சொசைட்டி, அதாவது பகுப்பாய்வுச் சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு போவதற்குள் அது ஓய்ந்துவிட்டது. வெளியிட்டது ஒரே ஒரு தொகுதி. அதையும் படித்தவர்கள் மிகச் சிலர். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எல்லாக் கல்லூரியிலும் ஆண்டுதோறும் முளைத்து வாடும் மன்றங்களில் இதுவும் ஒன்று. ஆனால் சங்கம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது அடுத்த பத்தாண்டுக்குள் நடந்தேறியது. சங்கம் செத்த பிறகுதான் அதன் வேலை பிடித்தது. எப்படி என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

புள்ளியும் 'டி'யும்

பின்புலம் கொஞ்சம் வேண்டும். நுண்கணிதத்தை (கால்குலஸ்) இங்கிலாந்தின் நியூட்டனும் ஜெர்மனியின் லைப்னிட்ஸும் தனித்தனியே கண்டார்கள். ஒரு அளவு மாறும் வேகத்தைக் காட்ட நியூட்டன் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார். லைப்னிட்ஸ் எழுத்துக்கு முன்னால் 'டி' (d) போட்டார். யார் முதலில் கண்டது என்ற சண்டை முற்றி, 1712இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி ஒரு குழு வைத்து நியூட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சொசைட்டிக்கு அப்போது தலைவர் நியூட்டனே. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் புள்ளி என்பது ஒரு குறியீடாக நிற்கவில்லை, நாட்டு விசுவாசத்தின் அடையாளமாகிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் பெர்னூலிகளும் ஆய்லரும் லாப்லாஸும் 'டி'யை வைத்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார்கள். அவர்கள் எழுதியதைப் படிக்கவே முடியாத நிலையில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருந்தார்கள்.

ஆசிரியர்களுக்கு அறிவில்லாமல் இப்படி நடந்தது என்று நினைத்தால் தப்பு. 1803இலேயே கேம்பிரிட்ஜின் ராபர்ட் வுட்ஹவுஸ் ஐரோப்பிய முறையை விளக்கிப் புத்தகம் எழுதிவிட்டார். எதுவும் அசையவில்லை. காரணம், செனட் ஹவுஸ் தேர்வு, அதாவது பட்டத்துக்கான கணிதத் தேர்வு. ஜனவரியில் நடக்கும் அந்தத் தேர்வின் தரவரிசைதான் ஒருவனுடைய எதிர்காலம். முதல் வகுப்பில் தேறியவர்கள் ராங்லர்கள், அவர்களில் முதலிடம் வந்தவர் சீனியர் ராங்லர். ராங்லர் பட்டியலில் மேலே இருந்தால் கல்லூரியில் ஃபெல்லோ பதவி, அதற்கு மேல் சம்பளமும் வாழ்வும். தேர்வில் புள்ளி கேட்டார்கள், அதனால் டியூட்டர்கள் புள்ளி சொல்லிக்கொடுத்தார்கள், மாணவர்களும் புள்ளியே படித்தார்கள். பிறகு அவர்களே தேர்வாளர்களாகிப் புள்ளியையே கேட்டார்கள்.

இந்தச் சக்கரத்தில் மாட்டிய ஒருவர் சார்லஸ் பாபேஜ். பின்னால் கணக்குப் பொறிகளால் பெயர் பெற்றவர்; அப்போது ட்ரினிட்டி கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த மாணவர். 1864இல் எழுதிய தன்வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்கிறார். பிரெஞ்சுக் கணிதர் லாக்ருவாவின் பெரிய நுண்கணித நூலை வாங்க லண்டன் புத்தகக் கடைக்குப் போனார். விலை 2 கினி (அன்றைய ஆங்கிலப் பணம்) இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். கடையில் 7 கினி என்றார்கள். நெடுநேரம் யோசித்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு வாங்கிவிட்டார். கேம்பிரிட்ஜ் வந்து இரவில் வெகுநேரம் உட்கார்ந்து படித்தார். சில நாளில் ஒரு சந்தேகம் வர, டியூட்டரிடம் போய்க் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது செனட் ஹவுஸில் வராது, இதனால் ஒரு பயனுமில்லை, போய்ப் பாடத்திட்டத்தின் ஆரம்பப் பகுதிகளைப் படி என்றார். பாபேஜ் இன்னும் சிலரிடம் போய்ப் பார்த்தார். பதில் மாறவில்லை.

மாணவர் மன்றம் ஒன்று பிறக்க இதைவிடச் சரியான காரணம் இருக்க முடியாது. பாடத்திட்டம் தராத ஒன்று வேண்டும்; தனியாக அதைத் தேடினால் பணமும் நேரமும் கரைகிறது; கேட்டால் மேலே உள்ளவர்கள் கையை விரிக்கிறார்கள். இந்த மூன்றும் சேராமல், பெயருக்கு முன்னால் தலைவர் என்று போட்டுக்கொள்ள ஆசைப்பட்டுத் தொடங்கும் மன்றங்கள் முதல் அரையாண்டைத் தாண்டுவதில்லை.

கேலியாக வந்த யோசனை

சங்கம் தொடங்கியது கூட்டம் போட்டு அல்ல. கேம்பிரிட்ஜில் அந்தச் சமயம் விவிலியச் சங்கத்தின் கிளை ஒன்றை அமைப்பது பற்றிப் பெரிய சண்டை. பைபிளை விளக்கத்தோடு அச்சிட்டுக் கொடுப்பதா, விளக்கம் எதற்கு, அப்படியே கொடுப்பதா என்று இரண்டு கட்சி. சுவரெல்லாம் துண்டறிக்கைகள். அதில் ஒன்று பாபேஜ் கையில் கிடைத்தது. உடனே உட்கார்ந்து, அதே நடையில் ஒரு சங்கத்துக்கான திட்டம் எழுதினார். லாக்ருவாவின் சிறிய நுண்கணித நூலை மொழிபெயர்க்க ஒரு சங்கம். 'டி'யைப் பரப்ப முறையாகக் கூட்டங்கள். புள்ளி என்னும் மதத்துரோகத்தை ஆதரிப்போர் அனைவரும் நரகத்துக்கு. லாக்ருவாவின் நூல் குறையே இல்லாதது, ஆகவே அதற்கு விளக்கவுரை எதுவும் கூடாது.

ட்ரினிட்டி நண்பர் மைக்கேல் ஸ்லெக் வந்தபோது பாபேஜ் இதைக் காட்டினார். ஸ்லெக் விழுந்து விழுந்து சிரித்து, காகிதத்தைக் கீஸ் கல்லூரியின் எட்வர்ட் பிராம்ஹெட்டிடம் கொண்டுபோனார். பிராம்ஹெட் இதைக் கேலியாகவே விட்டுவிடுவது வீண், உண்மையாகவே தொடங்குவோம் என்றார். கணிதத்தில் ஆர்வமுள்ள சிலரைக் கூட்டினார்கள். ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக், எட்வர்ட் ரையன், ஃபிரடெரிக் மால் என்று சிலர் சேர்ந்தார்கள். பாபேஜுக்கும் ஹெர்ஷலுக்கும் அப்போது வயது 20. பீகாக்குக்கு 21. பிராம்ஹெட் 23, இந்த நால்வரில் அண்ணன்.

இந்தத் தொடக்கத்தில் இரண்டு விஷயம் என் கவனத்தை இழுக்கிறது. ஒன்று, பாபேஜ் எழுதினார், ஆனால் சங்கத்தை உண்டாக்கியவர் பிராம்ஹெட்தான். நல்ல யோசனை தோன்றும் ஆளும், அதை எடுத்து நாலு பேரை அழைக்கும் ஆளும் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை. வரலாறு முதலாமவரின் பெயரைத்தான் வைத்துக்கொள்கிறது. இரண்டு, அந்தக் கேலித் துண்டில் இருந்த திட்டம், பிறகு இவர்கள் தீவிரமாக உட்கார்ந்து போட்ட திட்டத்தைவிடத் தெளிவானது. என்ன செய்யப் போகிறோம் என்பது அதில் ஒரே வரியில் இருந்தது: சிறிய நூல் ஒன்றை ஆங்கிலத்தில் கொடுப்பது. அதை இவர்கள் ஏறக்குறைய நாலு ஆண்டு மறந்திருந்தார்கள்.

அறை, கட்டுரை, ஏளனம்

வாடகைக்கு ஒரு அறை பிடித்தார்கள். தினமும் திறந்திருக்கும். கூடினார்கள், கட்டுரை வாசித்தார்கள், விவாதித்தார்கள். பல்கலைக்கழகப் பெரியவர்கள் ஏளனம் செய்தார்கள். ஏளனத்துக்கு இவர்கள் மசியாததைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது: இந்தப் பையன்கள் நாத்திகர்கள், உருப்பட மாட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி முடிந்து அதிக காலம் ஆகவில்லை, நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருக்கிறது, இவர்களோ பிரெஞ்சுக்காரர்களின் கணிதத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. எதிர்ப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கவைத்தது கணிதர்களை உருவாக்க அல்ல, பெரும்பாலும் பாதிரிகளும் வழக்கறிஞர்களும் ஆகப் போகிறவர்களின் சிந்தனையைச் சீராக்க. அதற்கு வடிவியலும் நியூட்டனும் போதும், குறியீட்டு விளையாட்டு எதற்கு என்று கேட்டவர்கள் முட்டாள்கள் அல்லர்.

நாத்திகர் என்ற பட்டத்தைப் பாபேஜ் சும்மா விடவில்லை. சங்கத்தின் தொகுதி அச்சாகித் தலைப்பு வைக்கும் வேளை வந்தபோது, 'டி' என்ற எழுத்தை வைத்து நாத்திகத்துக்குப் பக்கமாக அன்று பார்க்கப்பட்ட ஒரு கொள்கையின் பெயரையும் (D-ism), புள்ளியை வைத்துக் கிழப்பருவத் தடுமாற்றத்தைக் குறிக்கும் சொல்லையும் (Dot-age) கோத்துப் பல்கலைக்கழகத்தையே கிண்டலடிக்கும் ஒரு தலைப்பைச் சொன்னார். நல்லவேளை, மற்றவர்கள் அதை அட்டையில் போடவில்லை. உள்ளே சிரித்துக்கொள்ள எது, வெளியே ஒட்ட எது என்று பிரித்துப் பார்க்க ஒருவராவது இல்லாத மன்றம் முதல் சுவரொட்டியிலேயே மாட்டிக்கொள்ளும்.

அந்தத் தொகுதி 1813இல் சங்கத்தின் ஆய்வுரைகள் என்ற அடக்கமான தலைப்போடு வந்தது. பல்கலைக்கழகத்தின் அச்சகரே அச்சிட்டார். ஆசிரியர் பெயர் இல்லை. ஒருவருக்கு உடல்நலமில்லை, இன்னொருவருக்கு வேறு தடை என்று போய், கடைசியில் அத்தனையும் இரண்டே பேர் எழுதியது: பாபேஜும் ஹெர்ஷலும். நீண்ட வரலாற்று முன்னுரை, அதன் பின் கடினமான ஆய்வுக் கட்டுரைகள். இருபது வயதில் இப்படி எழுதினார்களா என்று இன்றும் வியக்கலாம். ஆனால் யாருக்காக?

இங்கேதான் சங்கம் சறுக்கியது என்பது என் கணிப்பு. புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாத மாணவனிடம் போய்ச் சேர வேண்டிய சங்கம், ஏற்கனவே எல்லாம் தெரிந்தவனுக்கு மட்டுமே புரியும் புத்தகத்தை முதல் வெளியீடாக்கியது. டியூட்டருக்கும் பயனில்லை, மாணவனுக்கும் பயனில்லை. பிரான்சில் இருந்தவர்களுக்கோ ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய தேவையில்லை. தங்கள் திறமையை நிரூபிக்க வேண்டும் என்ற துடிப்பு, சங்கத்தின் நோக்கத்தை ஓரம் கட்டிவிட்டது. மன்றம் தொடங்கிய முதல் ஆண்டிலேயே சர்வதேசக் கருத்தரங்கு நடத்தப் பார்க்கும் மாணவர்களிடம் இதே துடிப்பைக் காணலாம். சிறிய நூலின் மொழிபெயர்ப்பு பாபேஜின் மேசையில் அரைகுறையாகக் கிடந்தது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஒரு சங்கத்தின் மொத்த வெளியீட்டையும் இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்றால், அங்கே சங்கம் இல்லை, இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். அறை தினமும் திறந்திருந்தது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் கையில் செய்ய என்ன வேலை இருந்தது?

கலைதல்

1813 ஜனவரித் தேர்வில் ஹெர்ஷல் சீனியர் ராங்லர், பீகாக் இரண்டாவது. சங்கத்தின் எதிரிகளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பூட்டு கிடையாது. நாத்திகர்கள், உருப்படாதவர்கள் என்று பேசப்பட்டவர்களில் இருவர் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆட்டத்தில், அதுவும் புள்ளி முறையில் எழுதி, முதல் இரண்டு இடத்தைப் பிடித்தார்கள். பாபேஜ் வேறு வழி போனார். பீட்டர்ஹவுஸ் கல்லூரிக்கு மாறி, 1814இல் தரவரிசைத் தேர்வு எழுதாமலே பட்டம் வாங்கினார்.

பட்டம் வாங்கியதும் ஆளுக்கொரு திசை. பாபேஜ் திருமணம் செய்துகொண்டு லண்டன் போனார். ஹெர்ஷல் சட்டம் படிக்கப் போனார். ரையனும் சட்டம். பிராம்ஹெட் லிங்கன்ஷயரில் இருந்த தன் குடும்ப வீட்டுக்குத் திரும்பினார். கேம்பிரிட்ஜில் நின்றவர் பீகாக் மட்டும். 1814இல் ட்ரினிட்டியில் ஃபெல்லோ ஆனார். அறையின் சாவியை வாங்கிக்கொள்ள அடுத்த வரிசை ஆட்கள் இல்லை. சங்கம் முடிந்தது.

மாணவர் மன்றத்துக்கு என்று ஒரு கடிகாரம் உண்டு. பட்டமளிப்பு நாளில் அது நின்றுவிடும். நிறுவியவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே வயது என்றால் எல்லோரும் ஒரே நாளில் கிளம்புவார்கள். அனலிட்டிக்கல் சொசைட்டிக்கு நடந்தது அதுதான்.

ஒரு நாணயம், ஒரு வினாத்தாள், ஒரு பயிற்சிப் புத்தகம்

சில ஆண்டு கழித்து பீகாக் லண்டனில் பாபேஜின் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டு நூல் ஒன்றை நல்ல ஆங்கிலத்தில் கொண்டுவராமல் 'டி' கேம்பிரிட்ஜுக்குள் நுழையாது என்று தானும் ஹெர்ஷலும் முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நீங்கள் ஆரம்பித்த மொழிபெயர்ப்பை நீங்களே முடியுங்கள், இல்லாவிட்டால் மிச்சத்தை நாங்கள் முடிக்கிறோம் என்றார். சுண்டிப் போட்டுப் பார்ப்போம் என்றார் பாபேஜ். மூவரும் சேர்ந்து முடிப்பது என்று விழுந்தது. லாக்ருவாவின் சிறிய நூல் 1816இல் ஆங்கிலத்தில் வந்தது. முதல் பாகம் பாபேஜ், இரண்டாவது பீகாக்கும் ஹெர்ஷலும். விளக்கவுரையே கூடாது என்று கேலித் துண்டில் சபதம் போட்டவர்கள், பின்னிணைப்பும் நீண்ட குறிப்புகளும் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள்.

புத்தகம் வந்தால் போதுமா? வுட்ஹவுஸின் புத்தகமும் வந்ததுதானே. சக்கரத்தின் அச்சு தேர்வில் இருந்தது. அங்கே கை வைக்கக்கூடிய ஒரே ஆள் பீகாக். 1817இல் அவர் மாடரேட்டர், அதாவது வினாத்தாள் அமைத்துத் தேர்வு நடத்தும் இருவரில் ஒருவர். தன் கேள்விகளை 'டி'யில் கேட்டார். உடன் இருந்த மாடரேட்டர் ஜான் வைட் புள்ளியிலேயே கேட்டார். ஒரே தேர்வில் இரண்டு குறியீடு. எழுதிய மாணவர்களின் பாட்டை நினைத்துப் பார்க்கலாம்.

பெரிய கூச்சல் எழுந்தது. அதைப் பற்றி ட்ரினிட்டியின் இளைஞர் வில்லியம் ஹியூவல் 1817 மார்ச்சில் ஹெர்ஷலுக்கு ஒரு கடிதம் எழுதினார். சங்கம் தொடங்க நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கடிதம் அது. பீகாக் சரியான வழியில் போகவில்லை என்கிறார். புதிய கணிதத்தை அதன் பயன்பாடுகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு அம்மணமாக அவைக்குள் அனுப்பினார். அவை முகம் சுளிக்காமல் என்ன செய்யும்? செய்திருக்க வேண்டியது வேறு. எளிதாகப் புரியக்கூடிய, ஆனால் பழைய முறையில் போட முடியாத நல்ல இயற்பியல் கணக்குகளைக் கொடுத்திருக்க வேண்டும். முயன்று தோற்றவர்கள் தாங்களாகவே வந்து உங்கள் வழியைக் கேட்டு, நன்றியும் சொல்லியிருப்பார்கள். சொன்னதோடு நிற்காமல் 1819இல் புதிய குறியீட்டில் இயந்திரவியல் பாடநூல் ஒன்றை ஹியூவலே எழுதினார்.

பீகாக்கும் பின்வாங்கவில்லை. தன் அதிகாரத்தைக் கூட்டும் எந்தப் பதவியையும் மறுக்கப் போவதில்லை, சத்தமில்லாமல் விடாப்பிடியாக நின்றால்தான் இந்தத் தப்பெண்ணத்தை மடக்க முடியும் என்று அந்த மாதமே ஒரு கடிதத்தில் எழுதினார். சத்தமாகத் தொடங்கிய சங்கத்தில் இருந்து வந்தவர் இப்படி எழுதியது வேடிக்கைதான். 1819இல் மறுபடி மாடரேட்டர் ஆனார். இந்த முறை உடன் இருந்த ரிச்சர்ட் குவாட்கினும் இந்தப் பக்கம். 1820இல் ஹியூவலே மாடரேட்டர். 1821இல் மூன்றாம் முறை பீகாக். புள்ளி போன வழி தெரியவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தது 1820இல் வந்த பயிற்சிக் கணக்குத் தொகுப்புதான். யோசனை பாபேஜுடையது. அவர் நினைத்தது இதுதான். புதிய குறியீட்டில் யோசிப்பது கடினம், யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் மாணவர்களுக்குக் கொடுக்கக் கணக்குகள் தேடுவது டியூட்டர்களுக்கு அதைவிட எரிச்சலான வேலை. நூற்றுக்கணக்கில் கணக்குகளும் விடைகளும் ஒரே புத்தகத்தில் தயாராகக் கிடைத்தால், 'டி'யைப் பிடிக்காத டியூட்டரும் தன் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ள அதைத்தான் எடுப்பார். எடுத்துப் பழகிவிட்டால் வெறுப்பு தானாகப் போய்விடும். பீகாக் இந்தத் திட்டத்தை மாற்றி, பல கணக்குகளுக்கு விடை காணும் வழியையும் சேர்த்தார். ஹெர்ஷல் ஒரு பகுதி, பாபேஜ் ஒரு பகுதி. சில ஆண்டுகளிலேயே மாற்றம் முழுமையாகிவிட்டது என்று பாபேஜ் எழுதுகிறார்.

1813இன் தொகுதி வாசகரின் அறிவை நம்பியது. 1820இன் தொகுதி டியூட்டரின் சோம்பலை நம்பியது. வென்றது இரண்டாவது. நிர்வாகத்திடம் மனு மேல் மனுவாகக் கொடுத்துச் சலித்துப்போன மன்றத்தினர், எதிரே இருப்பவரின் வேலையை எந்த இடத்தில் குறைக்க முடியும் என்று ஒரு மாலை உட்கார்ந்து யோசித்தால், மனுவின் தேவையே பல சமயம் விழுந்துவிடும்.

எவ்வளவு நம்பலாம்

மேலே சொன்னதில் பெரும் பகுதி பாபேஜின் வாய்மொழி. நடந்து ஐம்பது ஆண்டு கழித்து, எழுபது தாண்டிய வயதில் எழுதியது. கதை சொல்வதில் சமர்த்தர். கதையின் மையத்தில் தன்னை வைத்துக்கொள்வதிலும் சமர்த்தர். சங்கம் இல்லாவிட்டாலும் மாற்றம் வந்திருக்கும் என்று வாதிடவும் இடம் இருக்கிறது. வுட்ஹவுஸைச் சொன்னேன். ஸ்காட்லாந்தில் வில்லியம் வாலஸ் 1815இலேயே ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் 'டி'யைப் பயன்படுத்திவிட்டார். காற்று அந்தப் பக்கம் வீசிக்கொண்டுதான் இருந்தது.

ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. மொழிபெயர்ப்பில் மூன்று பேர், பயிற்சித் தொகுப்பில் அதே மூன்று பேர், தேர்வில் அவர்களில் ஒருவர். இந்த மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தது அந்த வாடகை அறை. கூட்டக் குறிப்புகளைவிட, ஒருவர் மேல் ஒருவருக்கு வந்த நம்பிக்கைதான் சங்கம் விட்டுச் சென்ற சொத்து. சில ஆண்டு கழித்தும் வீட்டுக் கதவைத் தட்டிப் பாதியில் விட்ட வேலையைக் கேட்கும் உரிமை வேறெப்படி வரும்?

பிராம்ஹெட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர் பிறகு பெரிதாக எதுவும் எழுதவில்லை. ஆனால் 1828இல் நாட்டிங்ஹாமில் ஒரு மாவு ஆலைக்காரர் சொந்தச் செலவில் மின்சாரம், காந்தம் பற்றி வெளியிட்ட ஒரு கணித நூலுக்குச் சந்தா கட்டியவர்களில் பிராம்ஹெட் ஒருவர். படித்ததும் அதன் தரம் புரிந்து எழுதியவரைத் தேடிப் பிடித்தார். அந்த ஆலைக்காரர் ஜார்ஜ் கிரீன். பிராம்ஹெட்டின் தூண்டுதலால்தான் அவர் 1833இல், நாற்பது வயதில், பிராம்ஹெட் படித்த அதே கீஸ் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1837இல் நான்காவது ராங்லர். இருபது ஆண்டுக்கு முன்னால் கேலித் துண்டில் உண்மையைக் கண்ட கண்தான் இங்கேயும் வேலை செய்தது.

நீண்டு வாழ்ந்த மற்ற இரண்டு

மன்றம் நிலைக்க வேண்டும் என்றுதான் விருப்பம் என்றால், பார்க்க வேண்டியவை அதே ஊரில், அதே பத்தாண்டில் பிறந்த வேறு இரண்டு.

கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற மாணவர் விவாதச் சங்கம் 1815இல் மூன்று விவாதக் குழுக்கள் சேர்ந்து உருவானது. 1817 மார்ச்சில் ஒரு கூட்டத்தின் நடுவே பல்கலைக்கழகக் காவல் அதிகாரிகள் நுழைந்து, துணைவேந்தரின் ஆணைப்படி கலைந்து போகச் சொன்னார்கள். அன்று தலைமை வகித்தவர் மேலே கடிதம் எழுதிய அதே ஹியூவல். அந்நியர்கள் முதலில் வெளியே போகட்டும், செய்தியை அவை பரிசீலிக்கும் என்று விதிப்படி பதில் சொன்னதாகச் சொல்வார்கள். விவாதம் தடை செய்யப்பட்டது. சங்கம் கலையவில்லை, பத்திரிகைகளும் புத்தகங்களும் வைத்த வாசிப்பறையாக நாலு ஆண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1821இல், 1800க்குப் பிந்தைய அரசியலைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு விவாதம் திரும்பியது. யூனியனை நிலைக்க வைத்ததில் பேச்சாளர்களுக்கு எவ்வளவு பங்கோ, அந்த வாசிப்பறைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. முக்கிய வேலை நின்றபோதும் உறுப்பினர் தினமும் வந்துபோக ஒரு காரணம் இருந்தது.

மற்றது 1820இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஜார்ஜ் டாம்லின்சன் முதலிய பன்னிரண்டு பேர் தொடங்கியது. அந்த எண்ணிக்கையால், இயேசுவின் பன்னிரண்டு சீடர்களைப் போல அப்போஸ்தலர்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இவர்கள் ஆண்டுக்கு மிகச் சிலரையே, எல்லோரும் ஒப்பினால் மட்டுமே சேர்த்தார்கள். படிப்பு முடிந்து போகிறவர்களை வழியனுப்பிவிடாமல் தேவதைகள் என்று பெயர் மாற்றி, ஆண்டு விருந்துக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். பட்டமளிப்போடு நிற்கும் அந்தக் கடிகாரத்துக்கு இவர்கள் கண்ட விடை அது. விலையும் கொடுத்தார்கள்: வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கதவு ஒருபோதும் திறந்ததாக இருக்கவில்லை.

அனலிட்டிக்கல் சொசைட்டி இந்த இரண்டு வழியையும் தேடியதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு குறியீடு மாறுவது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் கூட்டத்திலேயே தங்களுடையது எந்த வகை என்று முடிவு செய்துவிட்டால், விதிமுறை எழுதும் வேலை பாதியாகக் குறையும். குறிப்பிட்ட ஒன்றை மாற்றத்தான் கூடுகிறோம் என்றால் தேர்தல், பதவி, ஆண்டு விழா எல்லாவற்றையும் சுருக்கிவிட்டு, அந்த மாற்றத்துக்கான சாவி யார் கையில் இருக்கிறது, நம்மில் யார் அந்த நாற்காலிக்குப் போகக்கூடியவர் என்று பார்க்கலாம். ஆண்டாண்டாக ஆட்கள் கூடும் இடமாக இருக்க வேண்டும் என்றால், முதலாண்டு மாணவர் ஒருவரைப் பொருளாளராகவோ செயலாளராகவோ தொடக்கத்திலேயே சேர்த்து, வரவு செலவும் சாவியும் அவர் கைக்குப் போகும் நாளையும் எழுதி வைத்துவிட வேண்டும்.